மாநில பட்ஜெட்டில் வரிச்சலுகை: எதில் கிடைக்கும், எதில் கிடைக்காது?

ஒவ்வொரு ஆண்டும் தமிழக பட்ஜெட் நெருங்கும்போது ‘வரி குறையுமா?’ என்ற எதிர்பார்ப்பு எழும். ஆனால், எல்லா வரியிலும் மாநில அரசு கை வைக்க முடியாது.

மாநில அரசால் எதைக் குறைக்க முடியும்?

வருமான வரி மத்திய அரசின் அதிகாரம். 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு ஜிஎஸ்டிதான். அதை மாற்ற ஜிஎஸ்டி கவுன்சிலில் நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை. ஒரு மாநிலம் தனியாகக் குறைக்க முடியாது.

மாநிலத்தின் கையில் இருப்பவை பெட்ரோல், டீசல், மதுபானம் மீதான வாட் வரி, பத்திரப்பதிவு, வாகன வரி போன்றவைதான்.

பத்திரப்பதிவில் என்ன சலுகை?

2025-26 பட்ஜெட்டில், பெண்கள் பெயரில் பதிவாகும் ரூ.10 லட்சம் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் இது அமலானது.

உதாரணமாக, ரூ.10 லட்சம் மதிப்புள்ள மனையை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் ரூ.90 ஆயிரம் கட்ட வேண்டும். மனைவி பெயரில் வாங்கினால் ரூ.80 ஆயிரம் போதும். ரூ.10 ஆயிரம் மிச்சம்.

சதவீதம் குறைந்தாலே லாபமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2023-ல் பதிவுக் கட்டணம் 4-ல் இருந்து 2 சதவீதமானது. ஆனால், அதே பட்ஜெட்டில் நிலத்தின் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. சதவீதம் எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்கணும்.

பெட்ரோல் வரியை ஏன் இன்னும் குறைப்பதில்லை?

2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு ரூ.3 குறைத்தார். இதனால் ஆண்டுக்கு ரூ.1,160 கோடி இழப்பு என அரசு தெரிவித்தது.

இந்தத் தொகை எவ்வளவு பெரியது? 2025-26 பட்ஜெட்டின்போது சுமார் 1.15 கோடி பெண்களுக்கு மாதம் ரூ.1,000 என்ற கணக்கில், மகளிர் உரிமைத்தொகைக்கு ஒரு மாதச் செலவே ரூ.1,150 கோடியாக இருந்தது. அதாவது, ஓராண்டு முழுக்க பெட்ரோலில் ரூ.3 குறைப்பதும், அப்போதைய ஒரு மாத உரிமைத்தொகையும் ஏறக்குறைய ஒன்று.

இழப்பை எப்படி ஈடுகட்டுவது?

வேறு செலவைக் குறைக்கணும், வேறு வரியை உயர்த்தணும், இல்லாவிட்டால் கடன் வாங்கணும். கடனுக்கும் வரம்பு உண்டு. பொதுவாக மாநில மொத்த உற்பத்தியில் 3 சதவீதம்.

அதனால், அடுத்த முறை வரிச்சலுகை அறிவிப்பு வந்தால், எவ்வளவு குறைகிறது என்பதோடு, அந்தப் பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பதையும் கவனிப்பது நல்லது.