பெட்டியைத் திறந்து காட்டும் ஒரு கல்லூரி

பதிவு கொஞ்சம் நீளம்தான். வரலாறு டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு அறையில் தொங்கிய விவேகானந்தர் படம் நினைவிருக்கும். தலைப்பாகையும் நீண்ட அங்கியும், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அதே படம்தான். அது 1893இல் சிகாகோவில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் தாமஸ் ஹாரிசன் என்ற அந்த ஊர்ப் புகைப்படக்காரர். சிகாகோவின் கோஸ் லித்தோகிராஃப் அச்சகம் அதை வண்ணச் சுவரொட்டியாக அச்சிட்டது. சுவாமியின் சிகாகோ பேச்சை முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அளசிங்கப் பெருமாள் சென்னையில் பணம் திரட்டியதையும் சொல்லியிருக்கிறேன், பாஸ்கர சேதுபதி உதவியதையும் சொல்லியிருக்கிறேன். பின்னால் சுவரில் தொங்கிய படத்தை எடுத்தது யார் என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

போன வருடம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பேச்சு நடந்த கட்டடத்தைப் பார்த்தேன். மிச்சிகன் அவென்யூவில் இருக்கிறது, இப்போது பெரிய ஓவிய அருங்காட்சியகம். வெளியே வந்ததும் பேத்தி, "ஆச்சி, இதே ரோட்டுல பத்து நிமிஷம் நடந்தா எங்க காலேஜ். அங்க ஒரு மியூசியம் இருக்கு, டிக்கெட் கிடையாது, வாங்க" என்றாள். இந்தப் பதிவு அந்த இடத்தைப் பற்றியது.

கல்லூரியின் பெயர் கொலம்பியா காலேஜ் சிகாகோ. நியூயார்க்கில் அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் வேறு, இது வேறு. 1890இல் மேரி பிளட், ஐடா மோரி ரைலி என்ற இரண்டு பெண்கள் இதைப் பேச்சுக்கலைப் பள்ளியாகத் தொடங்கினார்கள். 1893இல் நடக்கவிருந்த கொலம்பியக் கண்காட்சியை ஒட்டித்தான் அந்தப் பெயர். விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடும் அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான். 1960களில் மைக் அலெக்ஸாண்ட்ராஃப் என்பவர் கல்லூரித் தலைவராக வந்தார். மதிப்பெண்ணைப் பார்த்து வடிகட்டாமல், படிக்க விரும்பி வருபவரைச் சேர்த்துக்கொள்வது என்ற கொள்கையை வைத்துக் கல்லூரியை வளர்த்தவர் அவர்.

சிகாகோவில் புகைப்படம் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு நல்ல மரபு உண்டு. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த மொஹோலி-நாஜ் 1937இல் சிகாகோ வந்து புதிய பௌஹவுஸைத் தொடங்கினார். பின்னாளில் அது இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன் ஆனது. அங்கே 1946இல் ஹாரி கல்லஹன் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் டெட்ராய்டில் கார் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே தானாகக் கேமரா பழகியவர். 1951இல் ஆரன் சிஸ்கிண்ட் வந்தார். இவர்களிடம் படித்தவர்கள் பல கல்லூரிகளுக்கு ஆசிரியர்களாகப் போனார்கள்.

ஓவியம் படிப்பவன் ஓவியத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். புகைப்படத்துக்கும் அது பொருந்தும். புத்தகத்தில் அச்சாகும்போது கறுப்பும் வெளுப்பும் மாறிவிடும், அளவு சுருங்கிவிடும். எடுத்தவர் தன் இருட்டறையில் கழுவி எடுத்த தாளைப் பார்த்தால்தான் அவர் என்ன செய்தார் என்று தெரியும். 1976இல் இந்தக் கல்லூரி தற்காலப் புகைப்படத்துக்கு ஒரு மையம் தொடங்கியது. 1984இல் அதற்கு 'தற்காலப் புகைப்பட அருங்காட்சியகம்' என்று பெயர் வந்தது. இன்று அதன் சேகரிப்பில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. அது இருக்கும் கட்டடம், நூறு வருடத்துக்கு முன் அறுவடை இயந்திரக் கம்பெனி ஒன்று தன் தலைமை அலுவலகமாகக் கட்டியது.

உள்ளே போனால் இடம் சிறியதுதான். நம் ஊர் கல்யாண மண்டபம் இதைவிடப் பெரியது. ஆனால் அங்கே செய்திருக்கும் வேலைகளைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 1982இல் தொடங்கிய மத்திய மேற்குப் புகைப்படக்காரர்கள் திட்டம். சுற்று வட்டார மாநிலங்களில் இப்போது வேலை செய்துகொண்டிருப்பவர்களிடம் படங்களைச் சில ஆண்டுகளுக்குக் கடனாக வாங்கி வைப்பார்கள். தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியவர்களின் படங்களை வாங்குவார்கள். உள்ளூர் ஆள், பெயர் தெரியாத ஆள் என்று ஒதுக்குவதில்லை. உயிரோடு இருக்கும்போதே ஒருவரின் வேலைக்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைக்கிறது.

இரண்டாவது, ஊரையே படம் எடுத்தது. 1930களின் பஞ்ச காலத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளின் நிலையைப் பதிவு செய்யப் புகைப்படக்காரர்களை அனுப்பியது. அதை முன்மாதிரியாக வைத்து 1987இல் 'மாறும் சிகாகோ' என்ற திட்டம் தொடங்கியது. முப்பத்து மூன்று புகைப்படக்காரர்கள் சிகாகோ மக்களின் அன்றாட வாழ்க்கையைப் படம் எடுத்தார்கள். 1989இல் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து அவற்றைக் காட்சிக்கு வைத்தன. ஓவிய அருங்காட்சியகம், வரலாற்றுச் சங்கம், பொது நூலகத்தின் பண்பாட்டு மையம், ஃபீல்ட் அருங்காட்சியகம் என்ற பெரிய இடங்களோடு இந்தச் சிறிய கல்லூரி அருங்காட்சியகமும் ஒன்று. அழகான படங்களை மட்டும் மாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இடமும் இல்லை இது. 2021இல் அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுகளைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள். துப்பாக்கியால் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் வாழும் ஊரில் அதை வைப்பது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. சேகரிப்பில் இருக்கும் படங்களில் பெரும்பகுதி எப்போதும் பெட்டிகளில்தான் இருக்கும். எல்லா அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். இங்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் வகுப்புக்கோ குழுவுக்கோ வேண்டிய படங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடிச் சட்டம் இல்லாமல், முன்னால் வைத்துக் காட்டுகிறார்கள். பேத்தியின் வகுப்புக்கு அப்படி ஒரு நாள் வந்தது. அவள் தன் ஆசிரியரிடம் கேட்டு என்னையும் அழைத்துப் போனாள். படங்களை எடுத்து வைத்து விளக்கியது அந்தக் கல்லூரியிலேயே படிக்கும் ஒரு பெண். "என்ன தெரிகிறது?" என்று முதலில் மாணவர்களைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தவரின் பெயரையே சொன்னாள். நல்ல டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று எடுத்தவற்றில் டாரதியா லாங்கின் படமும் ஒன்று. லாங் என்றதும் உலகம் நினைப்பது, 1936இல் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் அவர் எடுத்த தாயின் படத்தைத்தான். கன்னத்தில் கை, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள். பாடப்புத்தகங்களிலும் தபால் தலையிலும் வந்த படம். ஆனால் லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1978இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று ஊருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, தன் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. லாங்கை அனுப்பிய அரசுத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் ஓட்டை போட்டுவிடுவார். அவற்றைப் பிரதி எடுத்தால் முகத்தின் நடுவே கறுப்பு வட்டமாக விழும்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் சரிப்படும் என்று தோன்றலாம். நம்மிடமும் இது சீக்கிரமே தொடங்கியதுதான். அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். அங்கே 1850களிலேயே புகைப்படம் கற்றுக்கொடுக்கப்பட்டது. 1855 சென்னைக் கண்காட்சியில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியின் படங்கள் பரிசு வாங்கின. அடுத்த ஆண்டு அவர் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் ஆனார். 1858இல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். 1859இல் ஆளுநராக வந்த ட்ரெவெலியன் இது ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் படங்களுக்கு வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் 2014, 2015இல் பெரிய கண்காட்சி நடந்தது. தஞ்சாவூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தச் சுருளைப் பார்த்திருப்பார்கள்? நம் பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தேடித் தேடி டிஜிட்டலாக்கினார்கள் என்பது ஆறுதல்.

இதை எழுத வேண்டிய காரணம் வேறு. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதது.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோக்கள் வராந்தா முழுக்க வரிசையாகத் தொங்கும். ஒரு வருடம் வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி விளையாட்டுச் சாமான் அறையில் அடுக்கினார்கள். சாவி என்னிடம் இருந்தது. திரும்ப மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். அரையாண்டுத் தேர்வு வந்தது, ஆண்டு விழா வந்தது, அப்படியே போய்விட்டது. மூன்று வருடம் கழித்து ஒரு அம்மா வந்தார். அவர் மகன் எங்களிடம் படித்தவன், பைக் விபத்தில் இறந்துபோயிருந்தான். "டீச்சரம்மா, அவன் பெரியவனான பெறகு போட்டோவே இல்ல. பத்தாப்பு குரூப் போட்டோவுக்கு நாப்பது ரூவா கேட்டான், அன்னைக்கு எங்கிட்ட இல்ல. இங்க மாட்டியிருப்பாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

அறையைத் திறந்தேன். கூரை ஒழுகி, கறையான் ஏறி, படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தன. அவன் வகுப்புப் படத்தில் முன்வரிசை நாற்காலிகளில் நாங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் தெளிவாக இருந்தோம். பின்வரிசை மண்ணாகிவிட்டது. அவன் உயரமான பையன், பின்வரிசையில்தான் நின்றிருப்பான். எடுத்த ஸ்டுடியோவும் அதற்குள் மூடியிருந்தார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "பரவால்ல டீச்சரம்மா, நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிகாகோவில் அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தபோது எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது. பேத்தி, "என்ன ஆச்சி?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் இப்போதைய தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினேன். வரும் ஆண்டு விழாவுக்குப் பள்ளி மண்டபத்தில் இரண்டு நாள் பழைய குரூப் போட்டோக்களின் கண்காட்சி வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரிய செலவு இல்லை. உங்கள் வீட்டில் இருக்கும் படத்தைக் கொடுங்கள், ஸ்கேன் செய்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். யார் யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று வரிசைப்படி ஒரு தாளில் எழுதித் தாருங்கள், அதுதான் முக்கியம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் படங்களைக் காட்டி விளக்கப்போகிறார்கள். பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு.

முக்கியமாக, 1998 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் குரூப் போட்டோ உங்களிடம் இருக்கிறதா என்று தயவுசெய்து பரணில் ஒரு தடவை பாருங்கள். அந்த அம்மா இன்னும் ஊரில்தான் இருக்கிறார். விசாரித்துவிட்டேன்.