இந்திரலால் ராயின் போர்ப்பணி

முதல் உலகப் போரில் போர் விமானம் ஓட்டிய இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் ஒருவரான இந்திரலால் ராய், 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்து, லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் பயின்று, 1917 ஏப்ரலில் ராயல் ஃபிளையிங் கோர் எனப்பட்ட பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, ஜூலையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

அக்டோபர் இறுதியில் அவர் அனுப்பப்பட்ட 56ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமான அணி, எஸ்.இ.5ஏ என்னும் ஒற்றை இருக்கை விமானங்களைக் கொண்டிருந்தது. அவ்விமானத்தின் விக்கர்ஸ் துப்பாக்கி, சுழலும் புரொப்பெல்லரின் அலகுகளில் படாமல் அவற்றின் இடைவெளியில் சுடுமாறு எஞ்சினோடு இணைக்கப்பட்டிருந்தது. மேல் இறக்கையிலிருந்த லூயிஸ் துப்பாக்கிக்கு அந்த ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் அதன் வட்டத் தோட்டா உறை காலியானதும், விமானி அத்துப்பாக்கியை வளைந்த தண்டின் வழியே தன் முகத்தருகே இழுத்து, இயக்குகோலை முழங்கால்களால் இடுக்கிக்கொண்டு, காற்று அறையும் திறந்த இருக்கையிலிருந்தே புதிய உறையை மாட்டவேண்டும். தப்பிக்கப் பாராசூட்டும் இல்லை.

டிசம்பர் 6 அன்று ராயின் விமானம் தரையில் மோதி அவர் காயமுற்றார். இறந்துவிட்டாரெனக் கருதிச் சவக்கிடங்கில் கிடத்தினார்கள் என்ற கதை பலவிடத்தும் வழங்குகிறது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, பறக்கத் தகுதியற்றவர் என மருத்துவர்கள் விலக்கிவைத்த மாதங்களில் அவர் விமானங்களைப் படமாக வரைந்துகொண்டிருந்ததும், மீண்டும் பறக்க இசைவு பெற்றுத் திரும்பியதும் ஆகும். 1918 ஜூனில் 40ஆம் அணியில் சேர்ந்து, ஜார்ஜ் மெக்எல்ராய் என்னும் தேர்ந்த விமானியின் கீழ்ப் பறந்தார். அதற்குள், ஏப்ரல் 1 முதல், அவருடைய படை கடற்படையின் விமானப் பிரிவோடு இணைந்து ராயல் விமானப் படையாகியிருந்தது.

ஜூலை 6 முதல் 19 வரை அவர் கணக்கில் பத்து வெற்றிகள் பதிவாயின; அவற்றுள் மூன்று ஜூலை 8 ஒரே நாளில் கிட்டியவை, இரண்டு பிறரோடு பகிரப்பட்டவை. இங்கே ‘வெற்றி’ என்பது எதிரி விமானம் நொறுங்கியதை மட்டும் குறிப்பதன்று. கட்டுப்பாடிழந்து கீழிறங்கியதாகக் கண்டதையும் பிரிட்டிஷார் கணக்கில் சேர்த்தனர். ஐந்து வெற்றி கண்டவரை ‘ஏஸ்’ என்றழைத்த அக்கால வழக்கின்படி, ராய் அவ்வரிசையில் சேர்ந்த இந்தியர். இந்நாட்களைத் திடீர் வீரச் சாகசமாகவே எழுதுவோர், அதற்கு முந்தைய அரையாண்டின் விபத்தையும் விடாமுயற்சியையும் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

ஜூலை 22 அன்று பிரான்சின் கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்களோடு நிகழ்ந்த சண்டையில், பத்தொன்பது வயதில் ராய் வீழ்ந்தார். ஒன்பது நாட்களில் மெக்எல்ராயும் மடிந்தார். செப்டம்பரில் ராயின் மறைவுக்குப் பின் டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் என்னும் வீரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. வட பிரான்சின் எஸ்தெவெல் ஊர்ப் பொதுக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.