உடல்நல எழுத்தறிவு

நோயாளி தனக்குத் தேவையான மருத்துவத் தகவலைத் தேடிப் பெற்று, புரிந்துகொண்டு, அதன்படி முடிவெடுத்து நடக்கும் திறன். அமெரிக்காவில் ஸ்காட் சைமண்ட்ஸ் 1974-இல் பள்ளிச் சுகாதாரக் கல்வியை முன்னிட்டு இக்கருத்தை எழுதினார். இது வெறும் படிப்பறிவு அன்று. பட்டதாரியும் இன்சுலின் அளவைக் கணக்கிடும்போது தடுமாறலாம்.

2003-இல் நடந்த அமெரிக்கத் தேசிய ஆய்வில் வயதுவந்தோரில் 12 விழுக்காட்டினரே இதில் முழுத் தேர்ச்சி காட்டினர். 36 விழுக்காட்டினர் அடிப்படை நிலையிலோ அதற்கும் கீழோ இருந்தனர். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டப்படும் சீட்டைப் பற்றிய 2006 ஆய்வு இன்னும் தெளிவானது. ‘இரண்டு மாத்திரை, நாளுக்கு இருமுறை’ என்ற வரியைக் குறைந்த எழுத்தறிவு உடையோரில் சுமார் 71 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லிவிட்டனர். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரே. வாசிப்பு வேறு, பயன்படுத்துவது வேறு.

இத்திறனை அளக்க 2005-இல் வந்த ஒரு சோதனை, ஐஸ்கிரீம் டப்பாவின் ஊட்டச்சத்து அட்டவணையைக் கொடுத்து ஆறு கேள்விகள் கேட்கிறது. நோயாளிக்குப் புரிந்ததா என்று அறிய மருத்துவமனையில் பயன்படும் எளிய வழி, மருத்துவர் சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைப்பது. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அந்தக் கேள்வியால் பயன் இல்லை.

நெடுங்காலம் உடல்நல எழுத்தறிவு இல்லாமை நோயாளியின் குறையாகவே பேசப்பட்டது. அமெரிக்க அரசு 2020-இல் வெளியிட்ட பத்தாண்டு நலத் திட்டம், புரியும்படி தகவல் தருவது மருத்துவ நிறுவனங்களின் பொறுப்பு என்பதையும் வரையறையில் சேர்த்தது.