பெயர் முதல் அட்டைக்கு மட்டும்

1964 என்றதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வரும். அந்த டிசம்பர் புயலுக்கு எட்டு மாதம் முன்பு, ஏப்ரலில், அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம் 360 என்ற கணிப்பொறி வரிசையை அறிவித்தது. மெயின்ஃப்ரேம் என்று சொல்கிறோமே, அறை நிறைய நிற்கும் பெரிய இயந்திரம், அந்த வகை. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் வந்த ஐ.பி.எம். 370/155 இதற்கு அடுத்த தலைமுறை.

அந்த இயந்திரத்திடம் வேலை வாங்க அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டைக்கு 80 கட்டம். என்ன வேலை, எந்த நாடாவில் எந்தக் கோப்பு என்று சொல்லும் அட்டைகளின் மொழிக்கு ஜே.சி.எல். என்று பெயர். அட்டையின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு. அதை ஒட்டி எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர். பிறகு கோப்பின் விவரம். பிரெஞ்சில் படித்தவனான எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. அங்கே 'ஃபிஷ்' என்றால் குறிப்பு அட்டை. அட்டைகளை அடுக்கும் பெட்டி 'ஃபிஷியே'. இன்று கணிப்பொறிக் கோப்புக்கும் அதே சொல்தான்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கணக்குகள் தனித்தனிக் கோப்புகளில் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படியெடுத்து ஒட்ட வேண்டாம். மூன்று அட்டைகளை வரிசையாக வைத்தால் போதும். முதல் அட்டையில் மட்டும் பெயர் இருக்கும். அடுத்த இரண்டில் பெயருக்கான இடம் வெற்றாக இருக்கும். இயந்திரம் மூன்றையும் ஒரே நீளக் கோப்பாகப் படித்துவிடும். இதற்கு கன்கேட்டினேஷன் என்று பெயர். சங்கிலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாடாவும் மிச்சம், நேரமும் மிச்சம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. அதே வேலையின் பின்னொரு கட்டத்தில், "முன்பு இந்தப் பெயரில் சொன்னேனே, அதே கோப்பு" என்று சுருக்கமாகச் சுட்டலாம். அப்படிச் சுட்டினால் கிடைப்பது முதல் கோப்பு மட்டுமே. பெயரில்லாத பிப்ரவரியும் மார்ச்சும் வரமாட்டா. இயந்திரம் குறை சொல்லாது. ஜனவரிக் கணக்கை மட்டும் கூட்டி, அழகாக அச்சடித்துக் கொடுத்துவிடும். மூன்றும் வேண்டுமென்றால் மூன்று அட்டைகளையும் திரும்ப எழுதித்தான் ஆக வேண்டும். பழைய இயந்திரங்களில் இன்னொரு விதியும் இருந்தது: எந்தக் கோப்பின் பதிவுகள் பெரிய கட்டுகளாக இருக்கின்றனவோ, அதை முதலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும். இந்த இயந்திரங்களின் இயக்க முறையை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், ஜே.சி.எல்.லைப் போல மோசமான கணிப்பொறி மொழி வேறில்லை என்று பின்னாளில் தாமே எழுதினார்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தின் கதையே இதுதான். 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து இராமநாதபுரம் மாவட்டம் உண்டானது. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் முதல் இராமேஸ்வரம் வரை ஒரே பெயர். 1985இல் அது மூன்றானது: இராமநாதபுரம், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், காமராஜர் மாவட்டம். பின்னவை இரண்டும் இன்றைய சிவகங்கை, விருதுநகர். பழைய பெயர் கடலோரப் பகுதிக்கு மட்டும் நின்றது.

இனி, மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு 'இராமநாதபுரம்' என்ற பெயரை மட்டும் தேடுகிறவர் என்ன காண்பார்? 1981இல் 33 லட்சத்துக்கு மேல். 1991இல் 11 லட்சத்துக்குச் சற்று மேல். பத்தே ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டார்களா? யாரும் ஓடவில்லை. சிவகாசியும் காரைக்குடியும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. பெயர் முதல் அட்டையோடு நின்றுவிட்டது, அவ்வளவே. மூன்று மாவட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் மக்கள் பெருகியிருப்பது தெரியும்.

பேரன் பேத்திகள் பள்ளிக்காக மாவட்ட விவரம் தேடும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு பெயரை நம்பிக் கணக்கை எடுக்கும் முன், அந்த ஆண்டில் அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை அட்டைகள் இருந்தன என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.