மகமைக் கணக்கில் ஒரு வரி

நாகமலை அடிவாரத்துப் புதுக்கோட்டையில் எஸ். வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி தொடங்கியது 1965இல். நடத்துவது நாடார் மகாஜன சங்கம். 1910இல் பொறையாரில் தோன்றிப் பிறகு மதுரையைத் தலைமையிடமாக்கிக்கொண்ட சங்கம். ஒரு கல்லூரியைக் கட்ட ஒரு வள்ளல் போதும். ஆனால் ஊர் ஊராகப் பள்ளியும் கல்லூரியும் கட்டும் பழக்கம் ஒரு சமூகத்துக்கு வள்ளல்களால் மட்டும் வந்துவிடாது. அதற்குத் தலைமுறைகளுக்கு முன்பிருந்தே கடைக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த மகமை, அதாவது வணிகர்கள் பொதுக்காரியத்துக்கென்று சரக்கிலிருந்து ஒதுக்கிவைத்த பங்குதான், அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது. அந்தப் பழக்கத்தை வைத்துப் பார்க்கவேண்டிய கேள்வி ஒன்று இப்போது எழுகிறது: வசதியில்லாதவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய ஊர்மக்கள் பணம் திரட்ட முடியுமா? அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வழி உருக்கமான வேண்டுகோளும் நன்கொடை ரசீதும். மதுரைப் பகுதியின் சரித்திரம் காட்டுவது வேறு வழி. ஆண்டுக்கணக்கில் விடாமல் நடக்கவேண்டிய காரியத்துக்கு, மனமிரங்கிக் கொடுக்கும் பணத்தைவிடக் கணக்கில் எழுதி எடுத்துவைக்கும் பணமே இங்கே கைகொடுத்திருக்கிறது.

மகமை நாடார்கள் மட்டும் கண்டுபிடித்ததல்ல. மதுரைக்கு வடகிழக்கே பிரான்மலைக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகக் குழுவினரின் கல்வெட்டு இருக்கிறது. உப்பு, பாக்கு, மிளகு, மஞ்சள், இரும்பு, பருத்தி, துணி என்று சரக்குகளை வரிசையாகச் சொல்லி, பொதிக்கும் வண்டிக்கும் தலைச்சுமைக்கும் இன்னின்ன அளவு கோயிலுக்கு என்று வணிகர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டதை அது சொல்கிறது. பட்டணப்பகுதி என்று கல்வெட்டுகள் குறிக்கும் இந்த வழக்கம் அரசன் போட்ட வரியன்று, பக்தன் போட்ட காணிக்கையும் அன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் வண்டியும் சரக்கும் தங்கும் பேட்டை அமைத்து, உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கமாகத் திரண்டபோது, வண்டியையும் சரக்கையும் காக்கும் செலவுக்கு மகமை பிரித்தார்கள். செலவுபோக மிஞ்சியது கிணறாகவும் கோயிலாகவும் பள்ளியாகவும் ஆனது. முறைவைத்துப் பொறுப்பேற்ற முறைகாரர்கள் வசூலித்து உறவின்முறை முன் கணக்கு ஒப்புவித்தார்கள். சரக்கு விலைபோகும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை தனியாக எழுதப்பட்டுவிடும். அது கடைக்காரரின் கையிலிருந்து போவதுபோல் தெரியாது. அவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியதும் இல்லை. கடை இல்லாத வீட்டுக்கும் ஒரு வழி இருந்தது. சமைக்க எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்தால் பிடி அரிசியாக அது பொதுக்காரியத்துக்குப் போகும். 1880களின் இறுதியில் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை இப்படிச் சேர்ந்த பணத்தாலும் அரிசியாலும் நடந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான்.

மருத்துவத்துக்கு இந்தப் பணம் வராமல் இல்லை. வந்ததெல்லாம் பெரும்பாலும் கண்ணால் பார்க்கக்கூடியதற்கு. ஆஸ்பத்திரிக் கட்டடம், அதில் ஒரு வார்டு, கல்லில் பொறித்த பெயர். நோயே இல்லாதவரைச் சோதித்துப் பார்ப்பதற்கு எந்தக் கல்லில் பெயர் பொறிப்பது? தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கென்று முதலில் திரட்டப்பட்ட பெரும் பொதுநிதியின் தோற்றத்தைப் பார்த்தால் இந்த இடறல் தெளிவாகத் தெரியும். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் (நாகமலை அல்ல, சமஸ்தானத்துப் புதுக்கோட்டை). அவருடைய தங்கை 1920களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரியவந்தபோது நோய் முற்றியிருந்தது. அந்தச் சாவு அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1952இல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். முதலில் 12 படுக்கைதான். புற்றுநோய் என்றால் சாவு, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அதிகாரத்தில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. அப்படியும் பணம் வந்தது, மருத்துவமனை எழுந்தது. ஆனால் அதற்குத் தூண்டுதலாக இருந்த துயரம் சிகிச்சை கிடைக்காததால் மட்டும் வந்ததல்ல, நோய் காலத்தில் தெரியாததால் வந்தது. முதல் குறைக்குக் கட்டடம் பதில் சொன்னது. இரண்டாவது குறை நூறு ஆண்டு கழித்தும் ஏழை வீடுகளில் அப்படியே இருக்கிறது.

மதுரைப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் மூலம், பௌத்திரம் குணமாக்கப்படும் என்ற விளம்பரம் சுவர்களில் கண்ணில் படும். மலத்தில் ரத்தம் போனால் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு முதலில் தோன்றுவது மூலச்சூடு. மோர் குடிப்பார், துத்திக்கீரை வதக்கித் தின்பார், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவார். பலருக்கு அது உண்மையிலேயே மூலம்தான். அதனால்தான் மீதிப் பேர் தப்பிக்க முடிவதில்லை. பெருங்குடலில் உண்டாகும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் கசியலாம். அதைச் சோதிக்கும் முறை எளிது. ஒரு குச்சியால் சிறிது மலத்தைத் தொட்டு எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். அமெரிக்காவின் மினசோட்டாவில் நாற்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வெளியானது. ஆண்டுதோறும் மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று சோதித்தவர்களிடையே இந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்தப் பலனுக்குக் காரணம் ஒரு தடவை எடுத்த சோதனையன்று, ஆண்டுதோறும் எடுத்தது. ஒரு நாள் பந்தல் போட்டு, பேனர் கட்டி, மறுநாள் பிரித்துவிடும் முகாமுக்குச் சரிப்படாத காரியம் இது.

முகாமின் பலமும் பலவீனமும் மதுரைக்குத் தெரிந்த அளவு வேறெந்த ஊருக்கும் தெரிந்திருக்காது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராம முகாம்களுக்கு அங்கே ஏற்பட்ட ஏற்பாடு மகமையின் இன்னொரு வடிவம் என்றே சொல்வேன். தண்டோரா, நோட்டீஸ், இடம், சாப்பாடு ஆகியவற்றை உள்ளூர் அமைப்பு ஒன்று ஏற்றுக்கொள்ளும். அறுவைச் செலவை மருத்துவமனை தாங்கும்; அதற்கு, பணம் கட்டிச் சிகிச்சை பெறுகிறவர்கள் மூலம் வரும் வருமானம் உதவும். ஆரம்பத்தில் அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் காசும், துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும், சாப்பாட்டுச் செலவும் தடுத்தன. ஏற்றிப்போய்ச் சோறு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்ட பிறகே கூட்டம் சேர்ந்தது. அப்படியும், தென்னிந்தியக் கிராமங்களில் செய்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூட முகாமுக்கு வரவில்லை என்று சொன்னது. மருத்துவமனை அதை மூடிவைக்கவில்லை. 2000களில் ஊருக்கு நடுவே நிரந்தரமாகத் திறந்திருக்கும் சிறு கண் மையங்களை அமைக்கத் தொடங்கியது. மங்கிய பார்வை அன்றாடம் தொந்தரவு தரும் குறை. அதற்கே முகாம் போதவில்லை என்றால், வலியும் இல்லாத அறிகுறியும் இல்லாத நோய்க்கு ஒரு நாள் முகாம் எம்மாத்திரம்?

இந்தப் பரிசோதனைக்கு ஊர்ப்பணம் திரட்டுவதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று. இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய் குறைவு. ஆண்டுக்குப் புதிதாகச் சுமார் 70,000 பேர், வயதைச் சரிக்கட்டிப் பார்த்தால் லட்சத்துக்கு ஐந்து பேர் அளவில்தான். மேலை நாடுகளில் இது ஐந்தாறு மடங்கு. 2016இல் மத்திய அரசு வகுத்த பரிசோதனை வழிமுறையிலும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுதான் உண்டு. இருக்கிற சொற்பப் பணத்தை அந்த மூன்றுக்கும் கொடுப்பதுதானே முறை? இது நியாயமான வாதம். பக்கத்திலிருக்கும் திண்டுக்கல் மாவட்டமே இதற்குச் சான்று. அங்கே கிராமப் பெண்களிடம் வினிகர் தடவிக் கருப்பை வாயைப் பார்க்கும் எளிய சோதனை நடந்தது. 2007இல் வெளிவந்த முடிவின்படி, அந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. எனவே ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் குடல் சோதனை செய்ய இன்றைக்கு மகமை பிரிக்கச் சொல்வது பொருந்தாது. ஐம்பதைத் தாண்டி மலத்தில் ரத்தம் போகிறவர், காரணமில்லாமல் ரத்தசோகை உள்ளவர், குடும்பத்தில் இந்த நோய் கண்டவர் ஆகிய சிலரை அந்த மூன்று சோதனைக்கு ஊருக்குள் வரும் அதே செவிலியர் விசாரித்துப் பிரித்தெடுக்கலாம். கூடுதல் செலவு சிறியது. தவறவிடும் உயிர் சிறியதல்ல.

இது அரசாங்கத்தின் வேலை என்பது அடுத்த மறுப்பு. வேலை அரசுடையதுதான். 2009 முதல் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வருகிறது, மதுரை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய் சிகிச்சை உண்டு. ஆனால் சோதனையில் ரத்தம் தெரிந்தவர் குடலுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் போக வேண்டும். முந்தைய நாளே கெட்டியான சாப்பாட்டை நிறுத்திப் பேதிமருந்து குடிக்க வேண்டும்; கழிப்பறையைப் பல குடும்பங்கள் பொதுவாக வைத்திருக்கும் வரிசைவீட்டில் அந்த இரவு எப்படிக் கழியும் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாள் மயக்க மருந்து, துணைக்கு ஆள், ஆட்டோ. இருவரின் கூலியும் போகும். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் இதற்கு அப்புறம்தான் கைகொடுக்கிறது. அரசு தரும் சிகிச்சைக்கும் ஏழையின் வாசலுக்கும் இடையில் இருக்கும் இந்த இரண்டு நாள் செலவுதான் ஊர்ப்பணம் புகவேண்டிய இடம்.

மகமை சாதிப்பணம் என்று சொல்பவர்களும் உண்டு. பிரிப்பதில் அது உறவின்முறைக்கு உள்ளே நின்றது. பலன் எப்போதும் அதற்குள் நிற்கவில்லை. அந்தப் பள்ளிகளிலும் நாகமலைக் கல்லூரியிலும் படித்தவர்களின் பட்டியலே அதற்குச் சாட்சி. சாதி சாராத வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், சுயஉதவிக் குழு ஆகியவை இன்று கணக்கு எழுதுவதில் பழைய முறைகாரர்களுக்குச் சளைத்தவை அல்ல. ஆண்டு வரவுசெலவில் பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கும் கோயில் அன்னதானத்துக்கும் அவை தனித் தலைப்பு வைத்திருக்கின்றன. பரிசோதனைக்குப் போகிறவரின் வழிச்செலவும் கூலியும் என்று இன்னொரு தலைப்பு சேர்க்கத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2002 முதல் இதே நோய்க்குப் பரிசோதனையையும் சிகிச்சையையும் பொதுப்பணத்தில் கொடுத்தபோது, கருப்பின மக்களில் சோதித்துக்கொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 2009க்குள் 74 சதவீதமாகி வெள்ளையரோடு சமமானார்கள். மருந்துக்கும் கருவிக்கும் செலவிட்டதோடு அந்தத் திட்டம் நிற்கவில்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நாள் குறித்து, வராவிட்டால் திரும்பவும் கூப்பிடுவதற்கென்றே செவிலியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.