இருப்பாய்வு சமமானால் போதுமா? ஒரு லினக்ஸ் பீட்டா வரலாறு

பி.காம். படிக்கிற நண்பர்களுக்கு இருப்பாய்வு என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: பேரேட்டில் உள்ள கணக்குகளின் இருப்பையெல்லாம் எடுத்து, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று போட்டுக் கூட்டிப் பார்ப்பது. இரண்டும் சமமாக வந்தால் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அடுத்த பாடமே கெடுத்துவிடும். ஒரு விற்பனையைப் பதியவே மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும், கூட்டுத்தொகை சமமாகத்தான் நிற்கும். இது விடு பிழை. இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் சமமாகத்தான் வரும். இது விதிப் பிழை.

இந்தப் பாடத்தைப் படித்தபோது எனக்கு லினக்ஸ்தான் ஞாபகம் வந்தது. (ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது! :-) ) ஒரு இயங்குதளத்தின் பீட்டா பதிப்பு ஒழுங்காகத் திறந்து, திரையில் படம் வந்து, மவுஸ் நகர்ந்தால் அது சமமான இருப்பாய்வு மாதிரி. உள்ளே என்ன பிழை இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அதைக் கண்டுபிடிப்பது யார் என்பதுதான் இந்தக் கதை.

'பீட்டா' என்ற பெயர் லினக்ஸைவிடப் பழையது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு பொருளை அறிவிக்கும் முன் செய்வது 'ஏ' சோதனை, தயாரிப்புக்கு அனுப்பும் முன் செய்வது 'பி' சோதனை என்று வைத்திருந்தார்கள், அதிலிருந்துதான் ஆல்ஃபா, பீட்டா வந்தது என்பார்கள். அங்கே சோதித்தவர்கள் சம்பளம் வாங்கியவர்கள். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தைப் பற்றி வெளியில் சொல்லி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அந்த ஏற்பாடு தலைகீழானது. முகம் தெரியாதவர்கள் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள், எது ஓடவில்லை என்று எழுதினார்கள், சிலர் திருத்தியும் அனுப்பினார்கள். யாருக்கும் ஒரு பைசா கிடையாது.

1993-ல் ஐயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இந்தப் பழக்கத்தை ஒரு நிர்வாக முறையாகவே ஆக்கிவிட்டது. புதிதாக வரும் மென்பொருள் முதலில் 'நிலையற்ற' கிளைக்குப் போகும். சில நாட்கள் அங்கே கிடந்து, வெளியீட்டைத் தடுக்கிற அளவுக்குப் பெரிய பிழை புதிதாக எதுவும் வரவில்லை என்றால்தான் 'சோதனை' கிளைக்கு ஏறும். அது முழுதும் பக்குவமான பிறகே 'நிலையான' பதிப்பு. 2002-ல் 3.0 வந்தது, அடுத்த 3.1 வருவதற்குள் 2005 ஜூன் ஆகிவிட்டது. மூன்று வருடம்! நம் ஊர் அரியர் மாணவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

பீட்டா சோதனை என்றால் சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு 2008-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் 2.6.27 கருவின் முன்னோட்டப் பதிப்புகளைப் போட்டிருந்த உபுண்டு, ஓப்பன் சூசி, ஃபெடோரா சோதனையாளர்கள் சிலருக்கு இன்டெல் நெட்வொர்க் அட்டை அப்படியே செத்துப்போனது. மென்பொருளை அழித்துவிட்டு வேறு போட்டாலும் உயிர் வரவில்லை. அட்டைக்குள் இருக்கும் நிரந்தர நினைவகமே கெட்டுவிட்டது. 'இ1000இ' என்ற டிரைவர் மீது எல்லோரும் பழியைப் போட்டார்கள். உபுண்டுவோ அந்த டிரைவரையே முடக்கி வைத்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி வேறு ஆள். கருவின் நடவடிக்கைகளைக் கண்காணிக்கும் 'எஃப்டிரேஸ்' என்ற பகுதி, தனக்கு இனி உரிமையில்லாத நினைவக முகவரியில் எழுதிக்கொண்டிருந்தது. அந்த முகவரி இதற்குள் நெட்வொர்க் அட்டைக்குப் போயிருந்தது. நம் பாஷையில் சொன்னால் வேறொருவர் கணக்கில் பற்று எழுதிய கதை. அக்டோபர் மாதத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. அந்தச் சில பேரின் அட்டை போகாமல் இருந்திருந்தால், இது நிலையான பதிப்போடு எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருக்குமோ!

சரி, நம் பக்கம் வருவோம்.

2005-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் அமைத்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் அதில் இருந்தன. அங்கிருந்து 2007 ஜனவரியில் வந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். அடித்தளம் டெபியன். அதன் மேல் இந்திய மொழிகளில் மெனு, எழுத்துரு, விசைப்பலகை. பெயரெல்லாம் இந்திய வாசனையோடு இருக்கும்: தரங், அனந்த், தேஜஸ், சாவிர் என்று.

டெபியன் ஏற்கெனவே உலகம் முழுக்கச் சோதித்த சரக்கு. பாஸில் புதிதாகச் சோதிக்க வேண்டியிருந்தது மொழிதான். அதைப் ஃபின்லாந்துக்காரர் சோதிக்க முடியாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தட்டுவது க, பிறகு ஒகரக் குறி. ஆனால் திரையில் ஒற்றைக்கொம்பு க-வுக்கு இடப்பக்கம், கால் வலப்பக்கம் நிற்க வேண்டும். எழுத்தை வரையும் மென்பொருளுக்கு இது தெரியாவிட்டால் கொம்பு பின்னால் ஓடிவிடும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அதைப் பொறுத்தவரை இருப்பாய்வு சமம்! தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தால்தான் அது பிழை.

'ஸ்ரீ' இன்னும் வேடிக்கை. 2005-ல் வந்த யுனிகோடு 4.1-ல் 'ஶ' தனி எழுத்தாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒரே ஸ்ரீயை இரண்டு வகையில் எழுதலாம் என்றாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் ஒன்று கிடைக்கும் மற்றொன்று கிடைக்காது. ரூபாய்க் குறியும் அப்படித்தான். உதயகுமார் வடிவமைத்த ₹ குறியை அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும். மொழிபெயர்ப்பிலோ ஒரு நிரலில் 'திருத்து' என்றிருப்பது இன்னொன்றில் 'தொகு' என்றிருக்கும். இதையெல்லாம் பிழை என்று எழுதி அனுப்ப நிரலெழுதத் தெரிய வேண்டாம். தமிழ் வாத்தியார் போதும், கடையில் பில் போடுகிற அண்ணன் போதும்.

அந்த வாத்தியாரும் அண்ணனும் வந்தார்களா? என் கருத்து, அவர்களைக் கூப்பிடவே இல்லை என்பதுதான்.

தமிழ்நாட்டில் வாய்ப்புக்குக் குறைவில்லை. 2000-களின் பிற்பாதியில் உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அரசு அலுவலகங்களுக்கு சூசி லினக்ஸ் போனது. 2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. எங்கள் பூரணாங்குப்பம் புதுச்சேரிக்குள் இருப்பதால் அந்தத் திட்டம் எங்களுக்கு இல்லை. ஆனால் பெண்ணையாற்றைத் தாண்டினால் கடலூர். அங்கே அரசுப் பள்ளியில் படித்த உறவுக்கார அக்காவின் மடிக்கணினியைப் பார்த்திருக்கிறேன். திறந்ததும் இரண்டு பெயர் வரும். "கீழே இருக்கிறது என்னக்கா?" என்றால், "அது தெரியாதுடா, தொடாதே" என்பார். இப்படிப் பல வீடுகளில் அந்த இரண்டாவது வரி தொடப்படாமலே போயிருக்கும்.

பக்கத்து மாநிலம் கேரளாவில் வேறு மாதிரி நடந்தது. ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தில் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் தொகுப்பு செய்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வையே அதில் வைத்தார்கள். தேர்வு என்றால் விடுவார்களா? ஒவ்வொரு மாணவரும் சம்பளமில்லாத சோதனையாளர் ஆகிவிட்டார். அந்தத் தொகுப்பு இப்போது கைட் என்ற பெயரில் தொடர்கிறது. பாஸை எழுதிய பொறியாளர்கள் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொருளைக் கொடுத்தவர்கள் அதை உபயோகிக்க ஒரு காரணத்தையும், குறை சொல்ல ஒரு வழியையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. கணக்கு எழுதி, தணிக்கைக்கு ஆளே வராத நிறுவனம் மாதிரி.

பாஸ் நின்றுவிடவில்லை. 2024-ல் பத்தாவது பதிப்பு வந்திருக்கிறது. அதையோ வேறொரு தொகுப்பின் பீட்டாவையோ பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் வன்தட்டைத் தொட வேண்டாம். ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே ஓட்டலாம், அல்லது மெய்நிகர் கணினிக்குள் போடலாம். வணிகவியல் மாணவர்கள் விரிதாளைத் திறந்து மூன்று காரியம் செய்து பாருங்கள். ஒரு லட்சத்தை 1,00,000 என்று போடுகிறதா, 100,000 என்றா? தமிழில் பத்துப் பெயர் அடித்து அகர வரிசைப்படுத்தினால் 'ஔ' எங்கே நிற்கிறது? ₹ குறியோடு ஒரு பில்லை பி.டி.எஃப். ஆக்கினால் கொம்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா? பிழை கண்டால் எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற நாலு வரியை ஒரு திரைப் படத்தோடு அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அதை அனாமத்துக் கணக்கில்தான் போட்டு வைப்பார்கள்.