தேதிக்கும் தேதிக்கும் இடையே

கடனின் தவணையை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. தவணை என்பது இரு நாள்களுக்கு இடைப்பட்ட தொலைவாகும். அதனை அளக்க நிலையானதொரு தொடக்கம் வேண்டும். ஷஃபானில் செலுத்த வேண்டிய பத்திரமொன்று கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அது நடப்பு ஷஃபானா, அடுத்த ஷஃபானா என்று அவர்கள் வினவியதாக அல்பீரூனி தம் ‘அல் ஆஸாருல் பாக்கியா’வில் குறிப்பிடுகிறார். ஹிஜ்ரீ ஆண்டுமுறை உருவானதற்கு அவர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆக, நம் ஆண்டுக் கணக்கின் பிறப்பில் ஒரு வணிகச் சிக்கலுக்கும் பங்குண்டு.

தொடக்கம் ஒன்றானாலும் ஆண்டுகளின் நீளம் ஒன்றன்று. அட்டவணைக் கணக்கின்படி 30 ஹிஜ்ரீ ஆண்டுகளுக்கு 10,631 நாள்கள். அவற்றுள் 19 ஆண்டுகள் 354 நாள்களும், 11 ஆண்டுகள் 355 நாள்களும் கொண்டவை. பல்வேறு ஆண்டுமுறைகளை ஒப்பிட்டுக் காட்டும் பெரும்பணியைத் தமிழகத்தில் ஆற்றியவர், இன்றைய விசைத்தறி ஊரான சோமனூரில் 1865இல் பிறந்த எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 1922இல் வெளியான அவரது ‘இந்தியன் எபிமெரிஸ்’ கி.பி. 700 முதல் 1799 வரையிலான நாள்களைச் சக, கலி, கொல்லம், ஹிஜ்ரீ ஆண்டுகளோடு பொருத்தித் தருகிறது.

கணினி நிரலும் இவ்வழியையே பின்பற்றுகிறது. தேதிகளை அப்படியே கழித்தால் மாத நீளமும் லீப் ஆண்டும் பிழை விளைவிக்கும். எனவே இரு தேதிகளையும் ஒரு குறித்த நாளிலிருந்து எண்ணப்பட்ட நாள் எண்களாக மாற்றிய பின்னரே கழிக்க வேண்டும். யூனிக்ஸ் முறைக்கு அந்தத் தொடக்கம் 1970 ஜனவரி 1.

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கை முடிக்கின்றன. ஜகாத்தின் ஆண்டோ சந்திர ஆண்டு. மார்ச் 31ஐயே ஜகாத்துக்கும் எல்லையாகக் கொள்பவர் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்களை விட்டுவிடுகிறார். 32 சூரிய ஆண்டுகளில் 33 சந்திர ஆண்டுகள் நிறைவதால், முடிவில் ஓராண்டின் ஜகாத் முழுவதுமே ஏழைக்குக் கிட்டாமற் போகிறது. ஆதலின் சூரிய ஆண்டுக் கணக்கை விட இயலாதோர் 2.5க்குப் பதிலாக 2.577 விழுக்காடு வழங்க வேண்டுமென இக்கால அறிஞர் பலர் கூறுவர்.

கணக்கரின் கணினி தானே இவ்வேறுபாட்டை உணராது. எந்த ஆண்டால் அளப்பது என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.